ஆமையூர் வீரனின் வில்

ஆம்பூருக்குக் கல்வெட்டில் இருக்கும் பெயர் ஆமையூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில் நுளம்பர் படை இங்கே மாடு கவர வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அது. மந்தையை மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு ஊரார் நடுகல் நட்டு, நடந்ததைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். மாட்டு மந்தைக்கு அன்றைய சொல் ‘தொறு’. சொத்து என்றால் மாடுதான் என்றிருந்த காலம். ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரம் மாட்டை வைத்தே பிழைக்கிறது. வித்தியாசம், இப்போது வந்து சேர்வது தோலாக.

செங்கம் தொடங்கி இந்தப் பக்கம் முழுக்க நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. இக்கற்களில் திரும்பத் திரும்ப வரும் உருவம் ஒன்று உண்டு: வலக்கையில் வாள், இடக்கையில் வில். கல் நின்றுவிட்டது. அந்த வில் மட்டும் மிஞ்சவில்லை. மரமும் நாரும் தோலும் நம் மண்ணில் அத்தனை காலம் தாங்காது.

அந்த வில்லைத் திரும்பச் செய்ய நினைப்பவர் எங்கிருந்து தொடங்குவது?

கை வில் என்றதும் இங்கிலாந்தின் நெடுவில்லைச் சொல்வது இன்றைய வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அந்தக் கப்பலில் கிடைத்த விற்கள் மட்டும் 172. யூ என்ற மரத்தில் செதுக்கிய, ஆளைவிட உயரமான விற்கள். பல விற்களை இழுக்க 45 கிலோவுக்கு மேல் விசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் ஆள் உயர வில் இங்கிலாந்தின் தனிச்சொத்து இல்லை. அலெக்சாந்தரின் தளபதி நியார்க்கஸ் சொன்னதை வைத்து அரியன் எழுதிய ‘இண்டிகா’வில், இந்தியக் காலாட்படையின் வில் அதை ஏந்துபவனின் உயரம் இருக்கும், ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி இழுப்பார்கள், அம்பு ஏறக்குறைய மூன்று முழம் என்று வருகிறது. கேடயமோ மார்புக் கவசமோ அந்த அம்பை நிறுத்தாது என்றும் எழுதியிருக்கிறார்.

என்ன மரம் என்பதற்குக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் பட்டியலே தருகிறது: பனை, மூங்கில், வைர மரம், கொம்பு. நாணுக்கு மருள், எருக்கு, சணல், மூங்கில் சிம்பு, விலங்கின் நரம்பு. கொம்பை விட்டுவிட்டால் ஏலகிரி அடிவாரத்தில் நடந்தே பொறுக்கிவிடக்கூடிய பட்டியல். தமிழிலோ ‘சிலை’ என்ற சொல்லுக்கு வில் என்றும், வில் செய்ய உதவும் ஒரு மரம் என்றும் இரண்டு பொருள் உண்டு. மலைக்காடுகளில் வளரும் சடச்சி மரமும் வளைந்து கொடுப்பதில் பெயர் பெற்றது. வடக்கே அதைத் தாமன் என்பார்கள். ஆனால் காப்புக்காட்டில் கோடரி வைக்க முடியாது. தனியார் நிலத்து மூங்கிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பனைக்கு நேர்மாறு. வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதனால் பனை தேடுபவருக்கு நல்ல இடம், பழைய ஓட்டு வீடு இடிக்கும் இடம்தான். அங்கே கழித்துப்போடும் பனங்கை பல ஆண்டுகள் கூரைக்கடியில் காய்ந்தது. ஆணித்துளையும் பூச்சி அரித்த தடமும் இல்லாத ஆறடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பனைக்கு ஒரு விசேஷம். தேக்கு, வேம்பு போன்றவற்றில் வைரம் நடுவில் இருக்கும், பனையில் ஓரத்தில். நடுவில் இருப்பது சோறு. கறுத்த நார் நெருக்கமாக ஓடும் வெளிப்பகுதிதான் வில்லுக்கு உதவும். தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் வைத்திருக்கும் அந்தப் பெரிய வில் பனையில் செய்வதுதான். அம்பு எய்யாத வில் என்றாலும், பனை வில் என்ற மரபு தமிழ்நாட்டில் அறுந்துபோகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. எய்பவரைப் பார்த்திருப்பது வயிறு, குறியைப் பார்த்திருப்பது முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. இழுபடும் பக்கத்தில் ஒரே ஒரு நார் குறுக்கே அறுபட்டிருந்தாலும் போதும், அங்கிருந்து சிம்பு கிளம்பி வில் முறியும். எனவே முதுகை இழைக்கக் கூடாது. மூங்கிலென்றால் பச்சைத் தோல் இருந்த பக்கத்தை அப்படியே முதுகாக விட்டு, கணு மேட்டை மட்டும் லேசாகத் தேய்ப்பார்கள். மரமென்றால் ஒரே ஆண்டு வளையம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். வாளால் அறுப்பதைவிட ஆப்பு அடித்துப் பிளப்பது நல்லது என்பது இதனால்தான். பிளவு நாரோடு போகும், வாள் கோட்டோடு போகும்.

பச்சை மரத்தில் வேலை தொடங்கினால் வில் கூன் விழும். முனைகளில் மெழுகு பூசி, நிழலில், காற்றோட்டத்தில் மாதக்கணக்கில் காயப் போட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிப்பு நிச்சயம், அதுவும் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயில். மூங்கிலுக்கு வேறு தொல்லை, வண்டு. அதன் மாவுச்சத்துக்காகவே துளைக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பதும், அடுப்புப் புகை படும் பரணில் போட்டு வைப்பதும் பழைய வைத்தியங்கள்.

காய்ந்த மரத்தில் வில்லின் உருவத்தை வரைந்து, வாய்ச்சியால் செதுக்கி, இழைப்புளியும் அரமும் போட்டு ஒப்பேற்றுவது ஒரு நாள் வேலை. ஓரளவு தச்சு தெரிந்த யாரும் செய்துவிடலாம். நடுவில் பிடி கனமாக, இரு பக்கக் கைகளும் முனை நோக்கி மெலிந்து, முனையில் நாண் மாட்டும் வெட்டு. அந்த வெட்டுக்குக் குதை என்று பெயர். இதுவரை கையில் இருப்பது வில் மாதிரி இருக்கும் ஒரு குச்சி.

உண்மையான வேலை இனிதான்.

குதைகளில் தளர்வான நீள நாண் மாட்டி, பிடியைச் சுவரில் அடித்த ஒரு மரத்தாங்கியில் உட்கார வைத்து, நாணைக் கீழே ஒரு சாண் இழுத்துவிட்டு, எட்டி நின்று பார்க்கிறார்கள். இரு கைகளும் ஒன்றுபோல வளைகின்றனவா? எங்கே விறைத்து நிற்கிறது, எங்கே மடிகிறது? விறைத்த இடத்தில் பென்சில் கோடு. வில்லை இறக்கி, கோடு போட்ட இடத்தில் மட்டும் வயிற்றுப் பக்கம் நாலைந்து சீவல். மறுபடி மாட்டி, இருபது முப்பது முறை மெதுவாக இழுத்து விட்டு, மரம் புதிய வளைவுக்குப் பழகிய பிறகுதான் அடுத்த பார்வை. சீவுவது ஒரு நிமிடம், பார்ப்பது பத்து நிமிடம். இப்படியே ஒரு சாண் ஒன்றரைச் சாணாகி, கடைசியில் 28 அங்குலம் வரை போகும்.

மடியும் இடத்தில் கை வைக்கவே கூடாது. இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். பலவீனமான இடத்தைச் சரிசெய்ய வழியில்லை. மற்ற இடங்கள் அனைத்தையும் அதற்கு இணையாக இறக்குவது ஒன்றே வழி. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. போதாததற்கு, மரத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்குவது. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கனத்தில் அதே பத்தில் ஒரு பங்கை எடுத்தால் விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். 40 பவுண்டுக்கு, அதாவது 18 கிலோவுக்குத் திட்டமிட்ட வில் ஒரு மாலைநேர அவசரத்தில் பிள்ளை விளையாட்டு வில்லாகிவிடுவது இப்படித்தான். இழுவிசையைப் பார்க்கக் காய்கறிக்கடைத் தொங்கு தராசு போதும். நாணில் கொக்கியை மாட்டி இழுத்தால் கணக்கு வந்துவிடும்.

கனத்தைக் கையால் அறிவது ஆம்பூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஷூவின் மேல்தோலுக்கு ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் கனம். தையல் விழும் ஓரத்தை அதிலும் மெலிதாகச் சீவ வேண்டும். அந்த வேலைக்கு ஸ்கைவிங் என்று தொழிற்சாலையில் பெயர். இப்போது இயந்திரம் சீவுகிறது. என்றாலும் இரு விரலுக்கிடையே தோலை ஓடவிட்டு, எங்கே தடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற கைகள் அந்த மேசைகளில் இன்னும் உண்டு. வில் செய்யப் பழகுபவர் எவரும் கடன் கேட்க வேண்டிய விரல்கள் அவை.

தோலுக்கு வில்லில் நேரடி வேலையும் இருக்கிறது. பிடியில் சுற்ற ஒரு துண்டு, நாண் வந்து அடிக்கும் இடது முன்கைக்கு ஒரு காப்பு. மேரி ரோஸ் கப்பலில் விற்களோடு முன்கைக் காப்புகளும் கிடைத்தன, பெரும்பாலும் தோல். நம் பக்கத்தில் அதற்குக் கோதை என்று பெயர் இருந்தது. கோதை என்றால் உடும்பு என்றும் பொருள். சமஸ்கிருதத்தில் ‘கோதா’ என்ற சொல்லுக்கும் இதே இரட்டைப் பொருள் என்பதைப் பார்த்தால், முதலில் எந்தத் தோலில் காப்பு செய்தார்கள் என்று ஊகிக்கச் சிரமமில்லை. உடும்பு இன்று சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர்; மாட்டுத் தோலே போதும்.

எந்த மாட்டுத் தோல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோலைத் தண்ணீரில் நனைத்து, வில்லின் பிடி மேல் இழுத்துத் தைத்தால், காய்ந்ததும் பிடியின் மேடுபள்ளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இறுகிவிடும். முன்கைக் காப்பும் அதே மாதிரி கைக்குத் தக வடிவெடுக்கும். குரோமியத்தில் பதப்படுத்திய தோல் மெத்தென்று இருக்கும், நனைந்தாலும் கெடாது, ஷூவுக்குச் சிறப்பு; நனைத்து வடித்த உருவத்தில் மட்டும் நிற்காது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்தது 1900களின் தொடக்கத்தில். அதுவரை இம்மாகாணத்தில் பட்டைத் தோல்தான். இப்போது ஆம்பூரில் பெரும்பாலும் குரோம் தோல் என்பதால், பட்டைத் தோல் வேண்டுமானால் கடையில் கேட்டு, பழுப்பு நிறமும் பட்டை வாசனையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மெருகுக்குப் பெரிய செலவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டின் கூர் ஓரத்தால் சுரண்டினால் அரத்தின் தடங்கள் போய்விடும். பிறகு உப்புக்காகிதம், ஆளி விதை எண்ணெய் நாலைந்து பூச்சு, மேலே தேன்மெழுகு. எண்ணெய் பூசுவது அழகுக்கு மட்டுமல்ல. ஆவணி, புரட்டாசியில் காற்றிலுள்ள ஈரத்தை மரம் குடித்தால் வில் சோர்ந்துவிடும். சித்திரையில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் முறியும்.

செய்து முடித்த வில்லுக்கு இங்கே களமும் இல்லாமல் போகவில்லை. கொல்லிமலையில் ஆடி 17, 18 தேதிகளில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு. தேசிய அளவில் மூங்கில், மர விற்களுக்கென்றே ‘இந்தியன் ரவுண்ட்’ என்று தனிப்பிரிவு இருக்கிறது. 30, 50 மீட்டர் தூரத்தில் எய்ய வேண்டும்.

புதிய வில்லில் முதல் நூறு அம்புகளை அரை இழுப்பிலேயே எய்யச் சொல்வார்கள். அதற்குள் இழுவிசை இரண்டு மூன்று பவுண்டு இறங்கிப் பிறகு நிலைத்துவிடும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் ஆகாது. அம்போடு போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்குள்ளேயே திரும்பி, புது வில்லைக்கூட இரண்டாகப் பிளந்துவிடும். எய்து முடித்ததும் நாணைக் குதையிலிருந்து இறக்கி, வில்லைச் சுவரில் இரு முளைகளின் மேல் படுக்கையாக வைக்க வேண்டும், தகரக் கூரையிலிருந்து தள்ளி.