ஒரு சொத்தைப் பல் போதும்... விமானம் ஏற முடியாது! - அமெரிக்கப் பகுதிநேர வீரர்களின் பல் பிரச்னை

துப்பாக்கி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் தயார். ஆனால், கடைவாயில் ஒரே ஒரு சொத்தைப் பல். அதற்காகவே ஒரு ராணுவ வீரரைப் போர்முனைக்கு அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் அதுதான் விதி.

அங்கே நேஷனல் கார்டு, ரிசர்வ் படைகளில் இருக்கும் பெரும்பாலானோர் பகுதிநேர வீரர்கள். பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி. மற்ற நாள்களில் ஆசிரியராகவோ, மெக்கானிக்காகவோ, கல்லூரி மாணவராகவோ இருப்பார்கள். அழைப்பு வந்தால் கிளம்பியாக வேண்டும்.

பல்லுக்கு நான்கு வகுப்பு

இவர்களுக்கு வருடாந்தரப் பல் பரிசோதனை கட்டாயம். சிகிச்சையே தேவையில்லை என்றால் முதல் வகுப்பு. சிகிச்சை தேவை, ஆனால் 12 மாதங்களுக்குள் அவசரநிலை வர வாய்ப்பு குறைவு என்றால் இரண்டாம் வகுப்பு. அதற்குள் வலியோ சீழோ வரலாம் என்றால் மூன்றாம் வகுப்பு. பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள் நான்காம் வகுப்பு. முதல் இரண்டு வகுப்பினர் மட்டுமே போர்முனைக்குத் தகுதியானவர்கள்.

ஏன் இவ்வளவு கறார்? பாலைவன முகாமில் பக்கத்துத் தெருவில் பல் டாக்டர் இருக்க மாட்டார். வலியில் துடிப்பவரைச் சிகிச்சைக்கு அனுப்ப வாகனம் வேண்டும், பாதுகாப்புக்கு ஆள்கள் வேண்டும். ஒருவரின் பல்லுக்காக அத்தனை பேரும் ஆபத்தான சாலையில் பயணிக்க வேண்டும்.

பல்லுக்கும் படைக்கும் பழைய சம்பந்தமும் உண்டு. 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில், வெடிமருந்து சுற்றிய காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் துப்பாக்கியில் போட வேண்டும். முன்பல் இல்லாதவர்களைப் படையில் சேர்க்கவில்லை!

செலவு யாருடையது?

முழுநேர வீரர்களுக்குப் பல் சிகிச்சை இலவசம். பகுதிநேர வீரர்களுக்கு அப்படி இல்லை. மூன்றாம் வகுப்பில் இருப்பவர்களுக்குச் சில நேரம் ராணுவமே சரிசெய்து தருவதுண்டு. மற்றபடி, பணியில் இல்லாத நாள்களில் சொந்தப் பணம்தான். விரும்பினால் பல் காப்பீடு எடுக்கலாம். பிரீமியத்தில் 60 சதவிகிதம் அரசு தரும், மீதி 40 சதவிகிதம் வீரர் கட்ட வேண்டும். காப்பீடு இருந்தாலும் பல் அடைக்க, ரூட் கெனால் செய்ய, கேப் போட ஒரு பங்கைக் கையிலிருந்து தர வேண்டும்.

கையில் காசு குறைவாக இருக்கும் இளம் வீரர் என்ன செய்வார்? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவார். பணிக்கு அழைத்து உத்தரவு வந்த பிறகு ராணுவமே சிகிச்சை தரும். ஆனால், அப்போது நேரம் இருக்காது. ரூட் கெனாலுக்குப் பல தடவை போக வேண்டும், பிடுங்குவதோ ஒரே நாள் வேலை. தொடக்கத்திலேயே அடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அப்படிப் போய்விடுகிறது.

அதற்கும் நேரமில்லாமல் அவர் நின்றுவிட்டால், அவர் இடத்தில் இன்னொருவர் போக வேண்டும். அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பகுதிநேர வீரர்களுக்கும் செலவில்லாத சிகிச்சை தர வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. எந்நேரமும் தயாராக இரு என்று சொல்கிறவர்கள், தயாராவதற்கான செலவையும் ஏற்க வேண்டும் என்பதுதான் அதிலிருக்கும் நியாயம்.