வீடு வாங்கப் போகிறீர்களா? முன்பணத்துக்கு முன் கிராண்டைப் பாருங்கள்

தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்கு, பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் சொந்த வீடு என்பது இரண்டு தலைமுறைக் கனவு. வீடு பார்க்கப் போகும்போது தமிழ்ப்பள்ளி எவ்வளவு தூரம், கோயில் பக்கமா, கார் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த வீட்டின் கிராண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

மலேசியாவில் பழைய வீட்டை விற்பவர் அதன் குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயப் படிவம் எதுவும் இல்லை. வீடு இப்போது இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது என்ற வாசகம்தான் ஒப்பந்தத்தில் வழக்கமாக இடம்பெறும். ஆகவே, விசாரிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது.

350,000 ரிங்கிட் வீட்டுக்கு 10 விழுக்காடு முன்பணம் 35,000 ரிங்கிட். இபிஎஃப் சேமிப்பு, அடகு வைத்த நகை, பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் சேர்ந்த பணம் அது. கையெழுத்துப் போட்ட பின் வாங்குபவர் தக்க காரணமின்றிப் பின்வாங்கினால் அதை இழக்க நேரிடும்.

முதல் வேலை நில அலுவலகத்தில்

விற்பவர் காட்டும் கிராண்ட் நகலை மட்டும் நம்பக்கூடாது. அது பழைய நகலாக இருக்கலாம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி, அந்த நிலத்தின் இன்றைய பதிவைப் பெறலாம். இதைத்தான் 'சாரியான்' என்கிறார்கள். பல மாநிலங்களில் இணையம் வழியாகவும் இதைச் செய்யலாம். அதில் கவனிக்க வேண்டியவை:

உரிமையாளர்: பெயரும் அடையாள அட்டை எண்ணும் விற்பவருடையதுதானா? இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்தால், வாரிசுரிமை நடைமுறைகள் முடியும்வரை பிள்ளைகள் அதை விற்று உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. இரண்டு பெயர்கள் இருந்தால் இருவரின் கையெழுத்தும் வேண்டும்.

குத்தகைக் காலம்: நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது? 1975இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2074இல் முடிந்துவிடும். எஞ்சிய ஆண்டுகள் குறையக் குறைய வங்கிக் கடன் கிடைப்பதும் பின்னர் விற்பதும் கடினமாகும்.

கட்டுப்பாடு: 'செகாத்தான் கெப்பெந்திங்ஙான்' என்ற பகுதியைப் படிக்காமல் விடக்கூடாது. மாநில அரசின் அனுமதியின்றிப் பெயர் மாற்றக்கூடாது என்று அதில் இருந்தால், அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால், மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. பூமிபுத்ரா லாட், மலிவு விலை வீடு ஆகியவற்றுக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ப்பேச்சு இங்கே செல்லாது.

கடனும் கவியட்டும்: வீடு வங்கியில் அடமானமாக இருப்பது சாதாரணம். ஆனால், மீதிக் கடன் விற்பனை விலையைவிட அதிகமா என்று வழக்கறிஞர் மூலம் அறிய வேண்டும். கவியட் என்பது கிராண்டுக்குப் போட்ட பூட்டு மாதிரி. அது இருக்கும்வரை பெயர் மாற்றம் பதிவாகாது. தனியார் போட்ட கவியட் நீக்கப்படாவிட்டால் 6 ஆண்டுகள் நீடிக்கும்.

தனி கிராண்ட் இன்னும் வராத வீடு என்றால், உரிமையாளர் யார், பாக்கி உண்டா என்பதை மேம்பாட்டாளரிடமிருந்து எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும்.

பின்கட்டும் பாக்கிகளும்

பழைய வீடுகளில் பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டியிருப்பது வழக்கம். அதற்கு நகராண்மைக் கழகம் அங்கீகரித்த வரைபடம் உண்டா என்று கேட்க வேண்டும். அனுமதியின்றிக் கட்டிய பகுதியை இடிக்க உத்தரவு வந்தால் சிரமம் புதிய உரிமையாளருக்குத்தான்.

நிலவரி, மதிப்பீட்டு வரி, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் கட்டணம் ஆகியவற்றின் கடைசி ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். அடுக்குமாடி வீடு என்றால் பராமரிப்புக் கட்டண பாக்கியையும் நிர்வாகத்திடம் விசாரிக்க வேண்டும்.

புதிய வீடு வாங்குவோர்

மேம்பாட்டாளரின் உரிமமும் விளம்பர அனுமதியும் நடப்பில் உள்ளனவா என்பதை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம். ஒப்பந்தம் சட்டம் வகுத்த படிவத்தில் இருக்க வேண்டும். தரைவீட்டுக்கு ஜி அட்டவணை, அடுக்குமாடிக்கு எச் அட்டவணை. சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தெரியும் குறைகளை மேம்பாட்டாளர் சரிசெய்ய வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணம் இலவசம் என்றால் மகிழ்வதற்கு முன் யோசியுங்கள். அந்த வழக்கறிஞரை நியமித்தவர் மேம்பாட்டாளர். உங்கள் பக்கம் நின்று பேச உங்களுக்கென்று ஒருவர் தேவை.

எந்தப் பத்திரமும் சொல்லாதது

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் ஏறிய உயரத்தை எந்தக் கிராண்டும் சொல்லாது. கனமழை பெய்த மறுநாள் அந்தத் தெருவுக்குப் போய், அக்கம்பக்கத்தாரிடம் பேசினால் தெரிந்துவிடும்.

முன்பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். பதிவுபெற்ற முகவர் நிறுவனத்தின் அல்லது வழக்கறிஞர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் செலுத்தி ரசீது பெறுங்கள். "இன்றே கட்டாவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்" என்று முகவர் அவசரப்படுத்தினாலும், சாரியான் கைக்கு வரும்வரை பொறுத்திருங்கள். அந்த வீடு கைநழுவினால் வேறு வீடு கிடைக்கும். 35,000 ரிங்கிட்டை மறுபடி சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.