நீர்த்தேக்கக் கரையில் புதுமணத் தம்பதியர்

மலையகம் என்றதும் புதுமணத் தம்பதியர் நுவரெலியாவையே நினைக்கின்றனர். ஏப்ரல் வசந்தகாலத்தில் கிறகரி வாவிக்கரையில் தனிமையைத் தேடுவது வீண்முயற்சி. அட்டன் வழியாக மஸ்கெலியாப் பக்கம் செல்வதே மேல் என்பது எமது எண்ணம். அங்கு காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் தேயிலைச் சரிவுகளிடையே பரந்து கிடக்க, சிவனொளிபாதமலை அவற்றுக்கு மேலாக எழுந்து நிற்கின்றது.

காலத்தைத் தெரிவதே முதல் வேலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இப்பகுதியை நனைத்துக்கொண்டேயிருக்கும். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை யாத்திரைக் காலமாதலால், வார இறுதிகளிலும் போயா தினங்களிலும் வீதிகள் நெரிசலாகிவிடும். எனவே ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வாரநாட்களே உகந்தவை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்ததை மறத்தலாகாது. புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளையும் புகையிரத சேவையின் நிலையையும் விசாரித்தறிதல் வேண்டும்.

தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் சில இன்று விடுதிகளாகியுள்ளன. அவற்றின் கட்டணம் பலருக்கு எட்டாது. நகர்ப்புறத்தில் சாதாரண விடுதிகளும் உண்டு.

1960களின் பிற்பகுதியில் மவுசாகலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. வரட்சியில் நீர் வற்றும்போது கோவில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்கள் வெளித்தெரிகின்றன. படம்பிடிக்கும் ஆவலில் அவற்றின்மீது பாதணியுடன் ஏறும் வழக்கம் எமக்கு உவப்பானதன்று. லயன் அறைகளின் வாசலிலும், கொழுந்து பறிக்கும் பெண்களின் முன்பும் கமராவை நீட்டுமுன் அனுமதி கேட்க வேண்டும். தேநீரும் ரொட்டியும் தோட்டத்துச் சிறு கடையில் வாங்கினால், அப்பணமேனும் அம்மக்களின் வீடுகளுக்குப் போய்ச்சேரும்.