கவருக்குள் சிக்கிய மணல்

கடற்கரையில் மோதிரத்தைத் தொலைத்தவர்கள், தோப்பில் மண்மூடிப்போன வால்வைத் தேடுபவர்கள் என்று மெட்டல் டிடெக்டர் வாங்குவோர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான்: "வெறும் தரையிலும் கத்துகிறது." மெஷின் போய்விட்டது என்று முடிவுகட்டி, தரையைத் துழாவும் தட்டான காயிலையே மாற்றிவிடுகிறார்கள். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரை ஒரு தடவை கழற்றிப் பார்த்திருந்தால் மணல் கொட்டியிருக்கும்.

கல்லிலும் சிப்பியிலும் உரசி காயில் தேயாமல் இருக்கத்தான் அந்தக் கவர். அது விளிம்பைக் கவ்வி நிற்பது. இடுக்கு வழியே தண்ணீரும் மணலும் உள்ளே போகும். மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட் என்னும் இரும்பு கலந்த கனிமம் இருக்கிறது. இப்படிப்பட்ட மணல் கவருக்குள் புகுந்து, காயிலை வீசும்போதெல்லாம் இடம் மாறினால், அந்த அசைவையே உலோகம் என்று கருவி எடுத்துக்கொள்ளும். கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் உப்பு ஈரமும் இதே கோளாறைத் தரும்.

சுத்தம் செய்ய ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். கவரின் விளிம்பை விரலால் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் காயிலில் கீறல் விழும். பழைய பல்துலக்கியும் ஒரு துளி சோப்பும் கொண்டு கவர், காயில் இரண்டையும் தேய்த்து அலசி, நிழலில் காய வைக்க வேண்டும். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் கூடாது, பிளாஸ்டிக் இளகிவிடும். காய்ந்தபின் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை உள்ளே தடவினால், ஒளிந்திருக்கும் கருந்துகள் ஒட்டிக்கொண்டு வரும். டிஸ்ப்ளே இருக்கும் பெட்டியைக் குழாயடியில் காட்டக் கூடாது. காயில் தண்ணீர் தாங்கும் என்றால் பெட்டியும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

அதிகம் கெடுவது கவரின் இடுக்கை அடைக்கும் வேலையில்தான். ஈரம் காயுமுன் சிலிக்கான் பூசுகிறார்கள். உப்புநீர் உள்ளேயே சிறைப்படுகிறது. கடலோரத்தில் பயன்படுத்துவோருக்கு விளிம்பைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டுவதே மேல், அடுத்த முறை உரித்துவிடலாம். சிலிக்கான்தான் வேண்டுமென்றால் வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். ட்யூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதை வாங்கி, விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாக இழுத்து ஒரு நாள் முழுக்க விட வேண்டும். அலுமினிய டேப்பைத் தொடவே கூடாது, அது உலோகம். மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: முழுக்கக் காயாமல் எதையும் ஒட்டாதீர்கள்.

காயிலிலேயே விரிசல் தெரிந்தால் அதை நீங்களே பூசி மூடாதீர்கள். வாரண்டியை மறுக்க விற்றவருக்கு அந்தப் பூச்சே சாக்காகிவிடும். படம் எடுத்து, பில்லோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். "தண்ணீர் போயிருக்கிறது" என்ற ஒரே பதிலோடு தட்டிக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கருவி சரியாகி, மண்ணுக்குள்ளிருந்து பழங்காசு கிடைத்தால் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பதுக்குவது குற்றம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்பைத் தாண்டிய புதையல் என்றால், கிடைத்த பொருள், தோராய மதிப்பு, இடம், தேதி ஆகியவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

மேலே சொன்ன நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு 2 ஆண்டு. கடையில் தரும் வெப்பத்தாள் பில்லின் எழுத்து அதற்கு முன்பே மங்கிப்போகும். இன்றே அதை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.