வாவிக்கரை மாணவரும் திறந்த மூல மென்பொருளும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரையோரத்தைத் தாக்கியபோது, கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த நாவலடி போன்ற கிராமங்கள் உருக்குலைந்தன. உயிர்தப்பியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சமடைந்தனர். எவர் எந்த முகாமில் உள்ளார், எவரைக் காணவில்லை என்பதை அறிவதே பெரும்பாடாயிற்று.

அந்நாட்களில் இலங்கைக் கணினி வல்லுநர்கள் சிலர் தொண்டர்களாக ஒன்றுகூடி, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் ஆகியவற்றைப் பதியும் மென்பொருளொன்றை உருவாக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹன' என்ற சிங்களச் சொல்லே அதன் பெயராயிற்று. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என அவர்கள் திறந்து வைத்தமையால், 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. நமது துயரில் பிறந்த கருவி இது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

இத்தகைய பதிவேடுகளில் எழக்கூடிய சிக்கலொன்றை நோக்குவோம். ஒருவரின் பெயரே ஓரிடத்தில் முகம்மது, வேறிடத்தில் முஹம்மத், மற்றோரிடத்தில் மொஹமட் எனப் பதியப்படும். தமிழ்ப் பெயர்களிலோ தந்தையின் பெயர் முழுமையாகவும் நிற்கும், முதலெழுத்தாகச் சுருங்கியும் நிற்கும். கணினிக்கு இவர்களெல்லாம் வெவ்வேறு ஆட்கள். மகனைத் தேடும் தாய்க்குப் 'பதிவு இல்லை' என்ற விடையே கிடைக்கும். இதனைத் தீர்க்க நிரலாக்க அறிவு மட்டும் போதாது; காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் பெயர் வழங்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு நம்மவரிடமே உண்டு.

கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கணினிக் கல்வி அளிக்கின்றன. எனினும், திறந்த மூலப் பணிக்கு மாணவரை ஈர்க்க 2005 இல் தொடங்கிய 'கூகிள் சமர் ஒவ் கோட்' திட்டத்தின் முதல் 10 ஆண்டுகளில், உலகிலேயே அதிக மாணவரை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்குள்ளோர் நம் பிள்ளைகளைவிட அறிவாளிகள் என நாம் கருதவில்லை. முன்சென்றவர் வழிகாட்டினால் பின்வருவோருக்குத் தயக்கம் நீங்கும். நம் பகுதியில் அவ்வாறு முன்செல்வோர் இன்னும் பலர் தேவை.

தொடக்கத்திலேயே நிரல் எழுத வேண்டியதில்லை. மென்பொருளை நிறுவிப் பார்த்து, பிழை எப்படி நேர்ந்தது எனப் படிப்படியாக எழுதி அறிவிக்கலாம். பிழையான தமிழாக்கத்தைத் திருத்தலாம். பின்னர் சிறு திருத்தமொன்றை அனுப்பினால், அனுபவமிக்கோர் அதனை வரிவரியாக ஆராய்ந்து குறை சொல்வர். கட்டணம் செலுத்தினாலும் எளிதிற் கிட்டாத பயிற்சி அது! உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஆயினும் எளிய சிறு வாக்கியங்கள் போதும். பழைய கணினியில் லினக்ஸை நிறுவியும் இவற்றைச் செய்யலாம். உயர்தரப் பரீட்சை எழுதியோர் பல்கலைக்கழகம் புகும்வரை காத்திருக்கும் மாதங்களிலேயே இதனை ஆரம்பிக்க முடியும்.