தலைக்கட்டு பிரித்த பிறகு

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2019 அக்டோபர் 6 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் தன் வீட்டில் விழுந்தார். 95 வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. புருவத்துக்கு மேல் 14 தையல். அன்று மாலையே நாஷ்வில் நகருக்குக் கிளம்பி, ஏழைகளுக்கு வீடு கட்டும் பணியில் கலந்துகொண்டார். 21ஆம் தேதி மறுபடி விழுந்தார், இடுப்பெலும்பில் முறிவு. நவம்பர் 3 அன்று ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பும் எடுத்தார். நவம்பர் 12 அன்று அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழக மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. விழுந்ததில் கசிந்த ரத்தம் மூளையை அழுத்திக்கொண்டிருந்தது.

முதியவர்களுக்கு இது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. விழுந்த அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வாரம் கழித்து நடை தள்ளாடும், ஒரு கால் இழுக்கும், பேச்சு குழறும், பகலெல்லாம் தூக்கமாக வரும். “வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஸ்கேன் எடுத்தால்தான் விஷயம் தெரியும்.

வயது கூடக்கூட மூளை சற்றே சுருங்குகிறது. மூளைக்கும் வெளியுறைக்கும் நடுவே செல்லும் மெல்லிய சிரைகள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. நிலைப்படியில் லேசாக இடித்தால்கூட அவற்றில் ஒன்று கிழியலாம். ரத்தத்தை உறையவிடாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கசிந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. அந்தச் சவ்வில் உண்டாகும் புதுக் குழாய்களும் கசிகின்றன. இப்படியே ரத்தக்கட்டு வாரக்கணக்கில் பெருக்கிறது. குரோனிக் சப்டியூரல் ஹிமட்டோமா என்று மருத்துவர்கள் குறிப்பது இதைத்தான்.

மூளை அறுவை என்றதும் குடும்பம் கதிகலங்கிப் போகும். உண்மையில், நரம்பியல் அறுவைகளில் இது சிறிய ஒன்று. மண்டையோட்டில் ஒன்றோ இரண்டோ துளை போட்டால் எஞ்சின் ஆயில் நிறத்தில் பழைய ரத்தம் வழியும். உப்புநீரால் அலசிவிட்டு, மிச்சம் வடிய ஒரு குழாய் வைப்பார்கள். பலருக்கு முழு மயக்கம்கூடத் தேவைப்படாது. அந்தக் குழாயின் அருமையை நிலைநாட்டியது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு. குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டு திரும்ப வந்தது. வைத்தவர்களில் அது 9.3 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கையும் பாதிக்குப் பாதியாகக் குறைந்தது.

மறுநாளே கையை அசைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதைப் பார்த்ததும் கண்டம் தாண்டிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் மூளை விரிந்து பழைய இடத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் நோயாளியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தலைக்கு வெளியே இருந்து வரும் தொல்லைகள்தான். நுரையீரல், சிறுநீர்ப்பை, கால் தசை, தூக்கம், சாப்பாடு. அறுவைக்குக் காட்டும் அக்கறையில் பாதியாவது இவற்றுக்கும் காட்ட வேண்டும்.

கார்ட்டர் நவம்பர் 27 அன்று வீடு திரும்பினார். அந்த வார இறுதியிலேயே, சிறுநீர்ப் பாதைத் தொற்றால் மறுபடி மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. டிசம்பர் 4 அன்றுதான் வெளியே வந்தார். அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயதில் காலமானார். இந்தியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜிக்கு அப்படி அமையவில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் மூளை ரத்தக்கட்டு அகற்றப்பட்டது. அப்போதே அவருக்குக் கொரோனா தொற்றும் இருந்தது. நினைவு திரும்பாமலே, நுரையீரல் தொற்று முற்றி, ஆகஸ்ட் 31 அன்று 84 வயதில் இறந்தார்.

முதல் சில இரவுகளில் குடும்பத்தை அதிகம் உலுக்குவது மனக்குழப்பம். இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுவார், குழாயைப் பிடுங்குவார், பெற்ற மகளையே யாரென்று கேட்பார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பதற வேண்டாம். பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் தொற்று, வலி, உடலில் உப்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என ஏதாவது பின்னால் இருக்கலாம். ஆகவே உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும். கையைக் கட்டிப்போட்டால் மிரட்சி கூடும். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து, “அப்பா, இது ஆஸ்பத்திரி, ஆபரேஷன் முடிஞ்சாச்சு” என்று நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொல்வது நன்றாக வேலை செய்யும்.

தலையில் அறுவை நடந்தவர் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. முன்பு மருத்துவமனைகளிலும் இரண்டு நாள் மல்லாந்து கிடக்கவிடுவது வழக்கம். போர்ச்சுகலில் நடந்த ஓர் ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. 12 மணி நேரத்துக்குள் எழுப்பி உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு, 48 மணி நேரம் படுத்திருந்தவர்களைவிடச் சிக்கல்கள் குறைவாக வந்தன. படுத்தே கிடக்கும் ஒவ்வொரு நாளும் முதியவரின் தொடைத் தசை கரைகிறது, சளி கட்டுகிறது, முதுகில் புண் வருகிறது. எப்போது எழுப்பலாம் என்று மருத்துவரிடம் கேட்பது குடும்பத்தின் உரிமை. உணவும் நீரும் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில்தான். விழுங்கும்போது இருமினால் நிறுத்திவிட வேண்டும்.

ரத்தக்கட்டு திரும்ப வருமோ என்ற பயம் நியாயமானதே. பத்தில் ஒருவருக்காவது வருகிறது, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள். தேறி வந்தவர் மறுபடி மந்தமானாலோ, தலைவலி கூடினாலோ, கால் இழுத்தாலோ, வலிப்பு வந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு கொடுத்தால் திரும்ப வராது என்றொரு நம்பிக்கை இருந்தது. பிரிட்டனில் 748 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில் மறு அறுவை குறைந்தது உண்மைதான். ஆனால் ஆறு மாத முடிவில் ஸ்டீராய்டு எடுத்தவர்களின் உடல்நிலை எடுக்காதவர்களைவிட மோசமாக இருந்தது. இப்போது பெரிய மருத்துவமனைகளில் சவ்வுக்கு ரத்தம் தரும் தமனியை உள்ளிருந்தே அடைக்கிறார்கள். 2024இல் வெளியான 400 பேர் ஆய்வில், அறுவையோடு இதையும் செய்தபோது மறு அறுவை தேவைப்பட்டவர்கள் 11.3 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாகக் குறைந்தார்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் இன்னொரு தலைவலி. தொடர்ந்தால் மூளையில் மீண்டும் கசியலாம். நிறுத்தினால் இதய வால்வும் ஸ்டென்டும் அடைபடலாம். இதை நோயாளியோ மருந்துக்கடைக்காரரோ தீர்மானிக்க முடியாது. எந்தத் தேதியில் எந்த மாத்திரையைத் திரும்பத் தொடங்குவது என்பதை, மூளை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டு வாங்க வேண்டும். “பழைய மாத்திரையெல்லாம் அப்படியே போடலாமா?” என்ற கேள்வியைக் கேட்காமல் வீடு திரும்பவே கூடாது.

முதலில் ஏன் விழுந்தார் என்பதும் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை காரணமா, கண்புரையா? படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தால் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும். விழுவது பெரும்பாலும் குளியலறையிலும், இரவில் அங்கே போகும் வழியிலும்தான். சுவரில் கைப்பிடி, வெஸ்டர்ன் கழிப்பறை, விடிவிளக்கு, கணுக்காலுக்கு மேல் நிற்கும் வேட்டி அல்லது நைட்டி. வாக்கர் கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கூடத்தின் மூலையில் அல்ல. இரவில் எழ வேண்டுமே என்று பயந்து பல முதியவர்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் தொற்றும் மலச்சிக்கலும் வருவதால், பகலில் கூடுதலாகக் குடிக்கவைப்பது நல்லது.

பிசியோதெரபி நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துப் போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறைப் பயிற்சியும் வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளலாம்.