வீட்டிலே ஒரு பட்டறை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் மார்க்கத்தில், சாலையைவிட்டுச் சிறிது விலகி, மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவர் அவ்வூர்ப் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கும் ஓர் ஆலயம் அமைத்தார். அங்கே பொறித்துள்ள ஸம்ஸ்கிருத சாஸனத்தில் ஒரு பெருமையையும் சொல்லிக்கொண்டார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமலே அக்கோயிலை ஆக்கினார் என்பதுதான் அப்பெருமை.

நாமோ மன்னர்கள் அல்ல. நம்முடைய வீடு அந்த நான்கினாலேயே ஆனது. செங்கல் உதிர்கிறது, மரம் மழைக்கு உப்புகிறது, உலோகம் துருப்பிடிக்கிறது, சுண்ணாம்பின் ஸ்தானத்திற்கு வந்திருக்கும் சிமெண்டு வெடிப்பு விடுகிறது. ஆகையால் நமக்குக் கருவிகள் வேண்டும். சொல்லப்போனால், உலோகமில்லாமல் கோயில் எடுத்த அந்த மன்னருக்கும் பாறையைக் குடைய இரும்பு உளி இல்லாமல் முடியவில்லை அல்லவா?

படித்த குடும்பங்களில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும். ஆணி ஒன்று அடிக்க வேண்டுமென்றால் அம்மிக் குழவியைத் தேடுவார்கள்! இந்த நிலைமை இப்போது மாறி வருகிறது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் ஹார்டுவேர் கடைகளில் தச்சரும் கொத்தனாரும் வாங்கிய கருவிகளை இன்று உபாத்தியாயர்களும் குமாஸ்தாக்களும் குடும்ப ஸ்திரீகளும் வாங்குகிறார்கள். கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலை பட்டறையாகிறது. இது வரவேற்க வேண்டிய மாறுதலே. ஆனால் எதை வாங்குவது, எதை விடுவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பணமும் மிஞ்சும், விரலும் மிஞ்சும்.

புயல் கற்பித்த பாடம்

2024-ம் வருஷம் நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டவே, டிசம்பர் 2-ம் தேதி அவ்வழியே ரயில்கள் நிறுத்தப்பட்டன. இத்தகைய சமயத்தில் தச்சர் ஒருவர், குழாய் வேலைக்காரர் ஒருவர், மின்சார வேலைக்காரர் ஒருவர் என்று ஊர் முழுவதும் தேடும். அவர்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருக்கும் என்பதை யார் நினைக்கிறார்கள்? அன்று ஒரு கை ரம்பமும், ஒரு குறடும், ஒரு ஸ்பானரும் உள்ள வீடு மற்ற வீடுகளைவிடப் பாக்கியம் செய்த வீடு.

ஆனால் அவசரம் வேண்டாம். மழையில் உப்பிய கதவை அன்றே இழைத்துவிடக் கூடாது. மரம் ஈரத்தை உறிஞ்சும்போது நீளவாட்டில் அதிகம் மாறுவதில்லை; அகலவாட்டில்தான் பருக்கும். உலர்ந்ததும் மறுபடி சுருங்கும். நனைந்திருக்கும்போது இழைத்த கதவு, பங்குனி வெயிலில் விரற்கடை இடைவெளி காட்டிப் பல்லை இளிக்கும். நன்றாக உலர்ந்த பிறகும் எந்த இடத்தில் நிலையோடு உராய்கிறதோ, அந்த இடத்தை மட்டும் இழைப்பதே முறை.

மரத்துக்கு வேண்டியவை

உளி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி ஆகிய நான்கும் போதும். உளியின் பிடி பளபளப்பாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையில் வாங்கும் உளி வேலைக்குத் தயாராக வருவதில்லை. வாயைச் சுமார் 25 டிகிரி சரிவில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 டிகிரியில் எண்ணெய்க் கல்லில் தீட்டிக்கொள்ள வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால், சூடேறி இரும்பு நீலம் பாயாமல் தண்ணீரில் அடிக்கடி தோய்க்கச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்த உளியின் பதம் போய்விட்டது என்று பொருள். மழுங்கிய உளியே கையைக் கிழிக்கும். அதைப் பலங்கொண்டு தள்ளுகிறோம், அது வழுக்குகிறது.

பழைய வழியில் உளி வேண்டுவோர் ஊர்க் கொல்லரை நாடலாம். லாரியின் பழைய வில் பட்டையை அடித்து அரிவாள் செய்யும் கை, உளியும் செய்து தரும். நல்ல உளியும் தேர்ந்த கையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அத்தாட்சி வெகு தூரத்தில் இல்லை. 2019 வரை விழுப்புரம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பங்கள் 2021-ம் வருஷம் புவிசார் குறியீடு பெற்றன.

செங்கல்லும் சிமெண்டும்

சுவரில் படம் மாட்டுவதற்காக ஆணியை அடித்து, காரையைப் பெயர்த்து, பெயர்ந்த இடத்தை மறைக்க இன்னும் பெரிய படம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. இதற்குத் துளையிட்டு, முளை செருகி, திருகாணி முடுக்குவதே பரிகாரம். 1911-ம் வருஷத்தில் லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் மியூஸியச் சுவர்களைப் பாழாக்காமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்தவேண்டி வந்தபோது, ஜான் ராலிங்ஸ் என்பவர் நாரினால் ஒரு முளை செய்தார். நம் மின்சாரக்காரர்கள் இன்றும் ‘ராவல் பிளக்’ என்று சொல்வது அவருடைய பெயரைத்தான். இப்போது நாம் வாங்கும் நைலான் முளை, 1958-ல் ஜெர்மானியராகிய ஆர்தர் ஃபிஷர் கண்டது.

துளையிடும் யந்திரம் இரண்டு வகை. முதலாவது ‘ஹாமர் டிரில்’. இதனுள் பல் வைத்த இரு தட்டுகள் உராய்ந்து தட்டுகின்றன. செங்கற் சுவருக்கு இது தாராளம். இரண்டாவது ‘ரோட்டரி ஹாமர்’. இதில் காற்றழுத்தத்தால் ஓர் உலக்கை முன்னும் பின்னும் ஓடி இடிக்கிறது. கான்கிரீட் தளத்துக்கும் உத்தரத்துக்கும் இதுவே ஏற்றது. வருஷத்தில் இரண்டு நாள் வேலைக்கு இரண்டாவதை வாங்குவது வீண். வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். துளையிடுமுன் ஸ்விட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேர் மேலும் கீழும் உள்ள இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். சுவருக்குள் கம்பியும் குழாயும் பெரும்பாலும் அவ்வழியேதான் ஓடும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் மெய்யாகவே கோணலா என்று அறிய ரஸமட்டம் ஒன்று அவசியம். கடையிலேயே அதைச் சோதிக்கலாம். மேஜைமேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். பிறகு மட்டத்தின் இடது முனை வலப்பக்கம் வருமாறு திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி முன்போலவே நின்றால் மட்டம் யோக்கியமானது. இடம் மாறினால் அதை அங்கேயே விட்டு வந்துவிடலாம்.

உலோக வேலை

மோட்டார் சைக்கிளும் காரும் உள்ள வீட்டுக்கு ஸ்பானர் பெட்டி ஒன்று வேண்டும். 8, 10, 12, 14, 17 மில்லிமீட்டர் அளவுகள் பெரும்பாலான வேலைக்குப் போதும். இறுகிய நட்டுக்குத் திறந்த வாய் ஸ்பானரைப் போடாதீர்கள். அது இரண்டே பக்கத்தில் பிடித்து, முனைகளை உருட்டிவிடும். வளைய ஸ்பானர் எல்லா முனைகளையும் தழுவிப் பிடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே நுழைவது தற்கொலைக்குச் சமானம். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு தனியே உண்டு. இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இரும்பறுக்கும் ரம்பத்தில் பல்லின் எண்ணிக்கையைப் பார்த்து அலகு வாங்குங்கள். அங்குலத்துக்கு 18 பல் தடித்த இரும்புக்கு, 24 பல் சாதாரண வேலைக்கு, 32 பல் மெல்லிய தகட்டுக்கு. எப்போதும் மூன்று பல்லாவது ஒரே சமயத்தில் உலோகத்தின்மேல் படிய வேண்டும் என்பது விதி.

இப்போது வீடுகளில் புகுந்திருக்கும் கருவிகளிலே மிகவும் பயங்கரமானது ‘ஆங்கிள் கிரைண்டர்’. 100 மில்லிமீட்டர் தட்டு நிமிஷத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றுகிறது என்றால், அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விழுப்புரம் ஜங்ஷனில் நின்று செல்லும் வந்தே பாரத் ரயில், 180 கிலோமீட்டர் வேகத்துக்கென்று வகுக்கப்பட்டது. அதையும் மிஞ்சிய வேகம் இது! காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதும், மரம் அறுக்கும் பல் தட்டை இதில் மாட்டுவதும் பல கண்களையும் விரல்களையும் பலி வாங்கியிருக்கின்றன. கண்ணாடி வாங்காமல் இந்த யந்திரத்தை வாங்குவதைவிட வாங்காமலே இருப்பது மேல்.

வோல்ட் மாயம்

கம்பியில்லாமல் பாட்டரியால் ஓடும் கருவிகள் இன்று பெருமதிப்புப் பெற்றிருக்கின்றன. அமெரிக்காவில் பிளாக், டெக்கர் என்னும் இருவர் துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்த மின்சாரத் துரப்பணத்துக்கு 1917-ல் பேடண்டு பெற்றார்கள். இன்றைக்கும் டிரில்லின் உருவம் அதுதான். மாறியிருப்பது உள்ளே இருக்கும் பாட்டரி. லிதியம் அணுக்கலம் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுதும் ஏற்றியவுடன் 4.2 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடுத்தால் சராசரியாக 18. ஏற்றிய கணத்தில் 21. ஆகவே ஒரு கடைக்காரர் 18 என்றும், மற்றொருவர் 20 என்றும், மூன்றாமவர் 21 என்றும் சொல்வது ஒரே சரக்கைத்தான். மலிவான சில பெட்டிகளின்மேல் 48 என்றும் 88 என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் அதே ஐந்து கலங்களே. எண்ணைப் பார்த்து ஏமாறாமல், எத்தனை கலம், எவ்வளவு ஆம்பியர்-மணி, மாற்றுப் பாட்டரி நாளைக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

சுவர் மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியையும் எடுக்குமுன், வீட்டு மெயினில் 30 மில்லிஆம்பியர் கசிவு காப்பு ஸ்விட்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரத் தரையில் நின்று டிரில் பிடிக்கும் கையைக் காப்பது அது ஒன்றுதான்.

எங்கே செய்தது?

வாங்கும்போது இக்கேள்வியையும் கேட்பது நம் கடமை. பழைய தென்னார்க்காடு ஜில்லாவுக்கு இதில் ஒரு கதை உண்டு. 1830-ம் வருஷத்தை ஒட்டி, ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உருக்காலை நிறுவினார். சேலத்து இரும்புக் கல்லை அங்கே கரி உலையில் உருக்கி, இரும்பைக் கப்பலேற்றி ஷெபீல்டுக்கு அனுப்பினார்கள். கரிக்கு மரம் போதாமலும், வேறு பல கஷ்டங்களாலும் அந்நூற்றாண்டு முடியுமுன்னே உலைகள் அணைந்துபோயின. பிறகு நெடுங்காலம், நல்ல உளி என்றாலே ஷெபீல்டு என்று நம்மவர்கள் பேசினார்கள்!

இன்று அப்படியில்லை. ஜலந்தரிலும் நாகௌரிலும் சிறு பட்டறைகள் சுத்தியும் குறடும் அடித்துத் தள்ளுகின்றன. ஸ்வீடன் தேசத்து ஒத்துழைப்போடு 1960-களில் தோன்றிய தபாரியா கம்பெனியின் நாசிக் குறடுகளை நம் மின்சாரக்காரர்கள் கைப்பையில் காணலாம். கைக் கருவிகளைப் பொறுத்தவரை, நல்ல சுதேசிச் சரக்கு கிடைக்கும்போது மலிவான அந்நியப் போலியைத் தேட வேண்டியதில்லை.

தச்சர் பிழைப்புக் கெடுமா?

சிலர் இப்படிக் கேட்கிறார்கள்: “நாமே எல்லாம் செய்துகொண்டால் தொழிலாளியின் கதி என்ன?” நியாயமான கேள்வி. ஆனால் ஒரு கதவை ஒரு தடவை தானே இழைத்துப் பார்த்தவர், அடுத்த முறை தச்சரிடம் கூலிக்குப் பேரம் பேசமாட்டார். அந்தக் கூலி எத்தனை வருஷப் பழக்கத்துக்குக் கொடுப்பது என்பது அவருடைய தோளுக்குத் தெரிந்துவிடும். கையால் உழைப்பவர் ஒரு ஜாதி, காகிதத்தில் எழுதுபவர் ஒரு ஜாதி என்று நம் சமூகத்தில் கட்டியிருக்கும் சுவருக்குத்தான் முதலில் துளை போட வேண்டும்.

காந்தியடிகள் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். 1910-ல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, தமிழர் பலரும் வாழ்ந்த அவ்விடத்தில் அவரே செருப்புத் தைக்கக் கற்றார். சிறையில் தாம் தைத்த ஒரு ஜோடியை ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அனுப்பினார். 1937-ல் வார்தாவில் கல்வி மகாநாடு கூட்டி, கைத்தொழிலின் மூலமே குழந்தைகளுக்குக் கல்வி தரவேண்டும் என்றும் வற்புறுத்தினார். பள்ளிக்கூடங்கள் அதை எவ்வளவு மறந்தாலும், வீடு நினைவில் வைத்திருக்கலாம்.

ஆகையால் நேயர்களே, ஒரே நாளில் கடையைக் காலி செய்ய வேண்டாம். ஒரு சுத்தி, ஒரு குறடு, தட்டையும் நட்சத்திரமுமாக இரண்டு திருப்புளிகள், ஓர் அளவு நாடா, ஒரு ரஸமட்டம், இரும்பறுக்கும் ரம்பம் ஒன்று, ஸ்பானர் பெட்டி ஒன்று, கண்ணாடி ஒன்று. இவ்வளவே முதல் வருஷத்துக்குப் போதும். அடுத்தது எது என்பதை வீட்டின் பழுதே சொல்லிவிடும். பிள்ளைக்கு மட்டுமின்றிப் பெண்ணுக்கும் திருப்புளியைக் கையில் கொடுங்கள். கழன்றிருக்கும் தாழ்ப்பாள் ஒன்று எந்த வீட்டிலும் இல்லாமற் போகாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே அதில் ஆரம்பிக்கலாம்.